மாடியில் இருந்த அரிசி

லாத்தாவிடம் ஒரு பொருளை இரவல் கொடுத்தால் அது திரும்பி வராது. ஏரலில் எங்கள் தெருவில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் கொடுப்போம். வாசலில் வந்து நின்று அவள் கேட்கும்போது இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சரி, வாங்கிப் போனதை அவளாவது வைத்து அனுபவித்தாளா என்றால் அதுவும் கிடையாது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

என் வீட்டுக்காரர் தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். சாமான்களைப் பொத்திப் பொத்தி வைப்பதில் என்னைவிட ஒரு படி மேல். மரப்பிடி போட்ட குடை ஒன்று வைத்திருந்தார். நனைந்துவிடும் என்று மழைக்கு அதை வெளியில் எடுக்கவே யோசிப்பார். ஒரு ஐப்பசியில் லாத்தா அந்தக் குடையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். வரும்போது தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட வந்து நின்றாள். கைப்பிள்ளையோடு ஒருத்தி திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போக நின்றாளாம், பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்ததாம், கொடுத்துவிட்டாளாம். அவள் யார், எந்த ஊர் என்று கேட்டேன். அதையெல்லாம் கேட்கவில்லை என்றாள்.

"சும்மாதானே டீச்சர் கெடந்துச்சு," என்று ஒரு சமாதானம் வேறு.

இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாளைக் குழம்பு வந்தது. மீன் குழம்பை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்?

லாத்தா என்றால் அக்கா. முஸ்லிம் வீடுகளில் மூத்தவளை அப்படிக் கூப்பிடுவார்கள். பலசரக்குக் கடை அண்ணாச்சியிலிருந்து எங்கள் கோயில் ஐயர் வரைக்கும், எங்கள் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் சொல்வோம், எல்லோருக்கும் அவள் லாத்தாதான். அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எங்களுடையது மாடி வீடு, அவளுடையது ஓட்டு வீடு. பீடி சுற்றிப் பிழைத்தவள். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தால் கை தன்பாட்டுக்குச் சுற்றும், கண் தெருவில் இருக்கும். யாராவது முகம் வாடிப் போனால் முறம் கீழே இறங்கிவிடும். "ஏன் ஒருமாதிரி போறிய? இங்கன வாங்க" என்று கூப்பிட்டு உட்காரவைத்துவிடுவாள். புருஷன் போய் எத்தனையோ வருஷம். ஒரே மகள். இருந்ததெல்லாம் அவ்வளவுதான், ஆனால் அவள் வீட்டில் உலை வைக்கும்போது எப்போதும் இரண்டு பேருக்குக் கூடுதலாக வைப்பாள். அந்த இரண்டு பேர் யார் என்று அவளுக்கும் தெரியாது. எப்படியும் யாராவது வந்துவிடுவார்கள்.

குழம்பு இறங்கியதும் முதல் கரண்டி வெளியில் போகிற பாத்திரத்தில்தான் விழும். உப்புப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் சில நாள் எங்களுக்கு உப்பே இல்லாத குழம்பு வந்து சேரும். பத்து நிமிஷம் கழித்து உள்ளங்கையில் உப்பை வைத்துக்கொண்டு அவளே ஓடிவருவாள். "இப்பத்தான் வாயில வச்சேன், சப்புன்னு இருக்கு, நீங்க இன்னும் திங்கலயே?" என்பாள். எங்கள் வீட்டில் சாப்பிட்டு, கை கழுவி, மிச்சத்தைப் பார்த்த பிறகுதான் யாருக்கு எதைக் கொடுக்கலாம் என்ற யோசனையே தொடங்கும். கிறிஸ்துமஸ் பலகாரத்தில் முழு முறுக்குகள் சொந்தக்காரர்களுக்கு, உடைந்தவை அக்கம்பக்கத்துக்கு. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தேன், அது தப்பு என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. லாத்தா அந்த உடைந்த முறுக்கை வாங்கி, அங்கேயே நின்று ஒரு துண்டைக் கடித்து, உங்க கைப் பக்குவம் யாருக்கு வரும் என்று சொல்லிவிட்டு, மீதியை அப்படியே அடுத்த தெருவுக்குக் கொண்டுபோவாள்.

அவள் செய்தது எல்லாமே அழகாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு நேராக என் அடுப்படிக்கு வந்து தரையில் உட்கார்ந்து அழுதாள். எடுத்துத் தைத்த புதுச் சீருடையை உம்மா யாரோ ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாளாம். இவள் கக்கத்தில் கிழிந்த பழையதைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள், கூடப் படிக்கிறவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

"எங்க உம்மாவுக்கு நான்தான் டீச்சர் கடைசி," என்றாள்.

நான் லாத்தாவைக் கூப்பிட்டு நன்றாகக் கேட்டேன். தனக்கு மிஞ்சித்தான் தானம் செய்யவேண்டும், பெற்ற பிள்ளையை அழவைத்துவிட்டு ஊருக்குக் கொடுப்பது என்ன நியாயம் என்றெல்லாம் பேசினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். அன்று சாயங்காலம் மகளின் கிழிந்த சட்டையை வாங்கி, சிம்னி விளக்கின் கண்ணாடியைத் துடைப்பதுபோல அத்தனை பொறுமையாக, தையல் வெளியில் தெரியாதபடி தைத்துக்கொடுத்தாள். ஆனால் திருந்தவில்லை. அடுத்த மாதம் மகளின் செருப்பும் யாருக்கோ போயிற்று.

பிடியரிசியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடும் முன்பு அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டுவைப்போம். அது கர்த்தருக்கு. எங்கள் அம்மாக்களும் அப்படித்தான் செய்தார்கள். வீட்டில் அரை வயிற்றுக்கு இருந்தாலும் அந்தப் பிடியில் கைவைக்கக் கூடாது. மாதக் கடைசியில் எல்லா வீட்டு அரிசியும் சேர்ந்து கோயிலுக்குப் போகும். எங்கள் பகுதியில் பதினெட்டு வீடுகளிலிருந்து அதைச் சேர்க்கும் பொறுப்பு என்னுடையது. எலிக்குப் பயந்து பெரிய தகர டின்னில் போட்டு மாடி அறையில் வைத்திருப்பேன். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சேர்கிற அரிசியைக் கிறிஸ்துமஸ் அன்று ஏழைகளுக்குச் சாப்பாடு போடுவதற்கென்று ஒதுக்கிவிடுவோம்.

லாத்தா ஒருநாள் நான் பிடியரிசி எடுப்பதைப் பார்த்துவிட்டாள். அது என்ன, யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் எங்கள் சபையில்கூட யாரிடமும் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் ஒரு கிண்ணத்தில் அரிசி கொண்டுவந்து நீட்டினாள்.

"என் பங்குக்கும் ஒரு பிடி போட்டுக்கிடுங்க டீச்சர். பசிச்சவன் வயித்துக்குத்தானே போவுது."

வாங்கலாமா கூடாதா என்று யாரிடம் கேட்பது? கேட்டால் எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். வாங்கிக்கொண்டேன். யாருக்கும் சொல்லாமல் டின்னில் போட்டுக் கலந்தேன். அதிலிருந்து வாரம் தவறாமல் அவள் கிண்ணம் வந்தது. மூன்று வருஷமாக எங்கள் சபையின் காணிக்கையில் லாத்தாவின் பீடிக் காசு அரிசியும் சேர்ந்துதான் போனது. ஐயர் ஜெபம் பண்ணி ஏற்றுக்கொண்டார், அவருக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லாத்தாவுக்குச் சர்க்கரை இருந்தது. முதலில் மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டாள், மறந்துவிடுவாள், அல்லது வாங்கின மாத்திரையில் பாதியைச் சர்க்கரைக்காரி எவளுக்காவது கொடுத்துவிடுவாள். நான்தான் ஒருநாள் உட்காரவைத்துப் பயமுறுத்தினேன். கண் போய்விடும், காலை எடுத்துவிடுவார்கள், என்ன ஆனாலும் ஒரு வேளைகூட விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அதிலிருந்து மாத்திரை அட்டையைச் சேலை முந்தானையில் முடிந்தே வைத்திருப்பாள். சாப்பிடாமல் போடக்கூடாது என்பதை நான் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. சாப்பாடு இல்லாத நாள் வரும் என்று யார் நினைத்தார்கள்?

அந்த மார்கழியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கவில்லை. அன்று கோயிலுக்குப் போகவேண்டிய அரிசி மாடியிலேயே தங்கிவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. வந்தது என்று சொல்வதற்குள் முழங்கால், முழங்கால் என்று சொல்வதற்குள் இடுப்பு. நாங்கள் இரண்டு பேரும் சர்டிபிகேட்டையும் வீட்டுப் பத்திரத்தையும் இரண்டு பாக்கெட் ரொட்டியையும் பிஸ்கட்டையும் அள்ளிக்கொண்டு மாடி ஏறினோம். அரிசி டிரம், சீனி, பருப்பு எல்லாம் கீழேயே போயிற்று. லாத்தா, பிரசவத்துக்கு வந்திருந்த மகள், முப்பது நாள் பிள்ளை மூவரையும் நான்தான் கூப்பிட்டேன். லாத்தா தலையில் ஒரு சோற்றுப் பானையோடு ஏறினாள். விடியற்காலையிலேயே பொங்கிவிட்டாளாம், வழக்கம்போலக் கூடுதலாக.

ஏறினவள் சும்மா இருக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் நின்றுகொண்டு தெருவைப் பார்த்தாள். சீவலப்பேரிப் பக்கமிருந்து வாழைத்தார் வெட்ட வந்து வாய்க்கால் ஓரம் குடிசை போட்டிருந்த ஒரு குடும்பம் நெஞ்சளவு தண்ணீரில் வந்துகொண்டிருந்தது. புருஷன், பெண்சாதி, இரண்டு பெண்பிள்ளைகள், அவன் தகப்பனார்.

"மேல வாங்க, மேல வாங்க, டீச்சர் வீடுதான், பயப்படாதிய," என்று கூப்பிட்டுவிட்டாள்.

என் வீட்டுக்கு அவள் கூப்பிடுகிறாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வரவேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நான் கொடியவள் இல்லை. ஆனால் அவர்கள் படி ஏறுகிற சத்தம் கேட்டதும் நான் செய்த முதல் காரியம், பழைய போர்வை ஒன்றை எடுத்து அந்த அரிசி டின்னை மூடியது. மேலே இரண்டு தலையணையையும் போட்டேன். அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். பத்து உயிர், ஒரு அறை.

முதல் நாள் லாத்தாவின் சோறு. உருண்டை பிடித்து எல்லோருக்கும் கொடுத்தாள். வாழைக்காரனின் தகப்பனாருக்கு இரண்டு உருண்டை. நீ சாப்பிட்டாயா என்று கேட்டேன். பானையில் ஒட்டியிருந்ததை வழித்துத் தின்றுவிட்டதாகச் சொன்னாள். இரண்டாம் நாள் ரொட்டியும் பிஸ்கட்டும். அவள் பங்கை மகளுக்குக் கொடுத்தாள், பால் கொடுக்கிறவள் அல்லவா. அதிலேயே கொஞ்சம் பிட்டு அந்தச் சின்னப் பெண்பிள்ளைகளுக்கும் போயிற்று. மழைத் தண்ணீரைப் பிடித்துக் குடித்தோம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று லாத்தா முந்தானையை அவிழ்த்து மாத்திரை போட்டுக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். பரவாயில்லையே, சொன்னபடி கேட்கிறாளே என்று நினைத்தேன்.

பலகாரம் சுடுவதற்காக ஒரு சின்ன கேஸ் அடுப்பு மாடியில் இருந்தது. அரிசி இருந்தது. பானை இருந்தது. தண்ணீர் இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து பைய கேட்டார், அந்த டின்னைத் திறந்தால் என்ன என்று.

"அது நம்முடையது இல்லை," என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. அப்படித்தான் வளர்ந்திருந்தோம். பதினெட்டு வீட்டுக் காணிக்கை, ஏழைகளுக்கென்று நேர்ந்தது, நான் அதற்குக் காவல். இன்றைக்குப் படகு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும், அதற்குள் ஏன் கைவைக்கவேண்டும்? இப்போது நினைத்தால் எனக்கே என் கன்னத்தில் அறைய வேண்டும்போல இருக்கிறது. ஏழைகள் கிறிஸ்துமஸ் அன்றைக்குத்தான் பந்தலில் வரிசையாக வந்து உட்காருவார்கள் என்று நான் எப்படி நம்பிக்கொண்டிருந்தேன்? அந்த அறையில் ஈரச்சேலையோடு குளிரில் உட்கார்ந்திருந்தவர்கள் வேறு யார்?

அன்று சாயங்காலம் பிள்ளைகள் பசியில் அழத் தொடங்கியதும் நான் ஜெபம் பண்ணினேன். டின்மேல் சாய்ந்தபடியே, கண்ணை மூடி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஆண்டவரே இந்தக் குழந்தைகளுக்கு ஆகாரம் தாரும் என்று கேட்டேன். உருக்கமாகத்தான் கேட்டேன், கண்ணீர்கூட வந்தது. முடிந்ததும் மூலையிலிருந்து ஆமீன் என்று ஒரு குரல் வந்தது. லாத்தா இரண்டு கையையும் ஏந்தி முகத்தில் தடவிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் அவளுக்கு வேர்த்தது. அந்தக் குளிரில் வேர்க்கிறதே என்று துடைத்துவிட்டேன். என்னை யாரோ என்று நினைத்து ஏதோ பெயர் சொன்னாள். பேச்சு குழறியது. கை நடுங்கியது. மழையில் நனைந்த ஜன்னி என்றுதான் நினைத்தேன். வாழைக்காரனின் பெண்சாதிதான் கண்டுபிடித்தாள். அவள் மாமியாருக்கு இப்படி வருமாம். "சீனி இருக்கா? ஒரு கரண்டி சீனி இருந்தாப் போதும்," என்றாள். சீனி இல்லை. வேறு எதுவாவது, கொஞ்சம் கஞ்சித் தண்ணீராவது வாயில் விடவேண்டும் என்றாள்.

நான் எழுந்தேன். தலையணையை எடுத்தேன். போர்வையை எடுத்தேன். மூடியைத் திறந்தேன்.

அந்த இரண்டு பெண்பிள்ளைகளும் டின்னுக்குள் எட்டிப் பார்த்தன. பெரிய பெண் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். வாழைக்காரன்தான் எழுந்துவந்து அடுப்பைப் பற்றவைத்தான்.

கஞ்சி வேக எவ்வளவு நேரம் ஆகிவிடும்? முப்பது வருஷமாகச் சமைக்கிறவள் நான். அன்றைக்கு அந்தத் தண்ணீர் கொதிக்கவே இல்லை. லாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அதுதான் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் தடவை. அரைவேக்காட்டில் வடித்து, ஊதி ஊதி ஆற்றிக் கரண்டியில் எடுத்துக்கொண்டு வந்தபோது அவளுக்கு இழுப்பு வந்து பல் கிட்டியிருந்தது. உதட்டில் விட்ட கஞ்சி கன்னத்தில் வழிந்து பாயில் இறங்கியது. மறுபடி விட்டேன். மறுபடி வழிந்தது. மகள் என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கித் தானே முயற்சி பண்ணினாள். மீதிக் கஞ்சியை மற்றவர்கள் குடித்தார்கள். குடிக்காமல் என்ன செய்வார்கள், பசி.

படகு மத்தியானத்துக்கு மேல் வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். சர்க்கரை ரொம்ப நேரம் இறங்கியே இருந்ததால் நினைவு திரும்பவில்லை என்றார்கள். கண்ணைத் திறக்காமலே போய்விட்டாள்.

எங்கள் தெருவுக்குப் பத்து நாள் பள்ளிவாசலிலிருந்துதான் சாப்பாடு வந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் வரிசையில் நின்றேன். பரிமாறின பையன்கள் யாரும் என்னிடம் எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அரிசி விஷயத்தை ஐயரிடம் சொன்னேன். அவர், ஆபத்தில் எடுத்தது குற்றமில்லை, கர்த்தர் மன்னிப்பார் என்றார். எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க நான் போகவில்லை என்பது அவருக்குப் புரியவில்லை. எடுக்காமல் இருந்ததற்கு என்ன ஜெபம் இருக்கிறது? சங்கத்துப் பெண்களோ, வெள்ளத்தில் போயிற்று என்று சொல்லிவிடலாம், நீங்கள் மனசைப் போட்டுக் குழப்பாதீர்கள் என்றார்கள்.

இப்போது நானும் குழம்பு இறக்கியதும் முதலில் வெளியில் போகிறதை எடுத்துவைக்கிறேன். நல்லவளாகிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். இன்னமும் கரண்டி பாத்திரத்தின் மேல் ஒரு நொடி நிற்கும், நல்ல மீன்துண்டைத் தள்ளிவிட்டு வால் துண்டைத் தேடும். அப்போதெல்லாம் என்னை எனக்கே பிடிக்காது. ஞாயிறு பள்ளியில் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதைப் பற்றிக் கதை சொன்னவள், அது என்ன என்று தெரியாமலே சொல்லியிருக்கிறேன். தெரிந்தவள் பக்கத்து வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

மகளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் அந்த மூன்றாம் நாள் காலையில்தான் டின்னைப் பார்த்திருப்பாள், ஏதோ தற்செயலாக அப்போது ஞாபகம் வந்து நான் திறந்தேன் என்று நினைத்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து, மேலப்பாளையத்தில் மாமியார் வீட்டுக்குக் கிளம்ப அவள் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது போனேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு கழுத்து உயரத்துக்கு இருந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். போர்வையால் மூடியது, தலையணை போட்டது, என் வீட்டுக்காரர் கேட்டது, நான் சொன்ன பதில். ஒன்றையும் விடவில்லை.

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் டீச்சர்," என்றாள். "முத நாளே உம்மா பாத்துட்டா. ரெண்டாம் நாள் நான் உம்மாட்ட சண்ட போட்டேன். டீச்சர் சாஞ்சு உக்காந்திருக்கது அரிசி டின்னு, அதுல நீ போட்ட அரிசியும் கெடக்கு, கேளுன்னேன். எனக்குப் பால் வத்திப் போச்சு, பிள்ள சப்பிச் சப்பி அழுவுது, கேளும்மான்னேன்."

ஒரு சேலையை எடுத்து உதறினாள். அது லாத்தாவுடையது.

"கேட்டா டீச்சர் குடுத்துருவாங்கடின்னு சொன்னா உம்மா. குடுத்துட்டு, படைச்சவனுக்குன்னு வச்சதுல கைய வச்சிட்டமேன்னு காலம் பூரா மருகுவாங்க. பாவம், அவங்களாப் பாத்து எடுத்தா எடுக்கட்டும், நீ வாயத் தொறக்காதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

கட்டின மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்தில் வாய் எதையாவது சொல்லித் தப்பிக்கத்தான் பார்க்கிறது. சத்தியம் கிடக்கட்டும், நீயாவது ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டேன்.

அப்போதுதான் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டாத்தான் குடுக்கணுமா டீச்சர்?"

குரலை உயர்த்தவில்லை. தொட்டிலில் பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. அவள் போய்ப் பால் பாட்டிலை ஆற்றிக் கொண்டுவந்தாள், அந்த வெள்ளத்துக்குப் பிறகு அவளுக்குப் பால் திரும்ப ஊறவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. கட்ட வேண்டிய சாமான் இன்னும் கிடந்தது, வண்டி வந்துவிடும். பிள்ளையையும் பாட்டிலையும் என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டு அவசர அவசரமாகக் குடித்தது.